மாமனாருக்கு விஷம் கொடுக்க மறுத்த மருமகள் எழுதுவது

மதிப்பிற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே மாமா, அவர் பேத்தி, உங்கள் தம்பி, நான் எல்லோரும் உயிரோடும் உடல் நலத்தோடும் இருக்கிறோம். வழக்கமாக இந்த வரியைக் கடிதத்தின் தலையில் ஒரு மரியாதைக்காக எழுதுவார்கள். இந்த முறை நான் இதைச் சாட்சியமாக எழுதுகிறேன். அங்கே அண்ணாவின் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் அனுப்பிய தைலத்தை முதுகில்தான் தடவ வேண்டும், புட்டியை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வலி போகாது என்று அவரிடம் மறுபடியும் சொல்லவும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்கலாம். போனில் நீங்கள் என்னைப் பேச விட்டிருந்தால் எனக்கு ஒரு தாளும் இந்த விரைவுத் தபால் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் அன்று போனில் முதலில் கேட்டது, "எங்கப்பா வாய்விட்டுக் கேட்ட ஒரு பொருளை எடுத்துக் குடுக்க உனக்கு மனசு வரலையா?" என்று. நான், "அண்ணி, அது விஷம்" என்றேன். உடனே நீங்கள், "எங்கப்பா விஷம் கேக்கற அளவுக்கு அவரை என்ன பாடு படுத்தி வெச்சிருக்க?" என்று கேட்டீர்கள். கொடுக்காததும் என் குற்றம், அவர் கேட்டதும் என் குற்றம். மாமனாருக்கு விஷம் கொடுத்ததாகப் பழி வந்த மருமகள்களைப் பற்றி நானும் பேப்பரில் படித்திருக்கிறேன். கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காகக் குடும்பமே கூடி விசாரணை நடத்திய மருமகள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதற்குப் பிறகு நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் நீங்கள் "நீ பேசாதே" என்றீர்கள், கடைசியில் "ஏன் பேசாம இருக்க?" என்று போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். தாளை இடைமறிக்க முடியாது.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போனில் நீங்கள் "கடையில மாத்திரை எண்ணிக் குடுக்கறவ" என்று சொன்ன பிறகு கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. கடைச் சுவரில் என் புகைப்படம் ஒட்டிய லைசென்ஸ் ஒன்று தொங்குகிறது. அந்தப் புகைப்படத்தில் நான் யாரையோ கடத்தியவள் மாதிரி இருப்பேன், அது வேறு விஷயம். அந்த லைசென்ஸுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. காய்ச்சல் மாத்திரைக்கு அது ஒன்றும் சொல்லாது. ஆனால் அமிலம், எலி மருந்து, பூச்சி மருந்து என்று விஷப் பட்டியலில் உள்ள எதையாவது ஒருவர் கேட்டால் அது எழுந்து நின்றுவிடும். வாங்க வருகிறவரை எனக்கு நேரில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் என்றால், எனக்குத் தெரிந்த ஒருவர் கூட வந்து, இவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். எதற்காக வாங்குகிறார் என்று கேட்க வேண்டும், அது எனக்கு நம்பும்படி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, பொருள் கை மாறுவதற்கு முன்பே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பொட்டலத்தில் சிவப்பு எழுத்தில் 'விஷம்' என்று ஒட்ட வேண்டும். மீதியைப் பூட்டிய அலமாரியில் வைத்து, சாவியை நான் மட்டுமே வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் விற்கக் கூடாது. "எனக்குத் தெரிஞ்சவர்தானே என்று கொடுத்துவிட்டேன்" என்பது பதில் ஆகாது அண்ணி, அப்படிச் சொன்னவர்களின் லைசென்ஸ் இப்போது சுவரில் இல்லை. அந்தச் சாவியை நான் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். போன முறை வந்தபோது "என்ன டாலர் இது, பூட்டுச் சாவி மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்களே, அது பூட்டுச் சாவியேதான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அன்று முற்பகல் கடையில் நல்ல கூட்டம். பிரஷர் அம்மா என்று ஒருவர் தினமும் வருவார். ரத்த அழுத்தம் பார்ப்பது ஒரு சாக்கு, யார் யாருக்கு என்ன நோய் என்று பார்ப்பதுதான் அவருக்கு மருந்து. அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். மருமகள் கடைதானே என்று முன்னால் நுழையவில்லை, வரிசையில் கடைசியில் நின்றார். வாழ்நாள் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், வரிசையை மீறுவாரா? அவர் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஒரு பொட்டலம் ஆக்ஸாலிக் அமிலம் குடும்மா" என்றார். அமிலம் என்றதும் புட்டியில் புகைகிற திரவம் என்று நினைக்க வேண்டாம். அது வெள்ளைத் தூள், பார்ப்பதற்கு அச்சு அசல் சர்க்கரை. மரத்தில் இரும்புக்கறை இருந்தால் எடுத்துவிடும். வாய்க்குள் போனால் ஆளை எடுத்துவிடும். அதனால்தான் அது பட்டியலில் இருக்கிறது.

"எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"கறை எடுக்கணும்."

"எங்க கறை?"

"வீட்லதான்."

அண்ணி, இந்த ஊரில் இருக்கும் எல்லா மருந்துக் கடைகளையும் விட்டுவிட்டு, அந்த வீட்டைத் தினமும் துடைக்கிறவள் நடத்தும் கடைக்கு வந்து ஒருவர் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? (வேறு கடையிலும் கேட்டிருக்கிறாராம். "உங்களைத் தெரியாது சார், உங்களுக்குத் தெரிஞ்ச மருந்துக்கடை இருந்தா அங்க போங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.) "நம்ம வீட்ல எங்க மாமா?" என்றேன். யோசித்தார். "சமையலறையில" என்றார். அவர் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியைத் தாண்டிப் போனதே கிடையாது. "சமையலறையில எந்தப் பக்கம்?" என்றேன். "மேல" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் அண்ணாந்து கடையின் கூரையைப் பார்த்தார்கள்.

சரி என்று பதிவேட்டை எடுத்தேன். வாங்குபவர் பெயர், முகவரி எழுதினேன். முகவரி என்னுடையதுதான், அதில் கஷ்டம் இல்லை. அடுத்தது, 'வாங்குபவரை எனக்கு நேரில் தெரியும்' என்று நான் எழுத வேண்டிய இடம். பேனா அங்கேயே நின்றுவிட்டது. ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருடைய மாத்திரைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், எது காலை, எது மாலை, எதைச் சாப்பாட்டுக்கு முன் விழுங்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அத்தை போன பிறகு அவரிடம் மாத்திரையைத் தவிர வேறு எதையாவது பற்றி நான் பேசினேனா? மத்தியானம் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார், எதை நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் தெரியாது. தெரியும் என்று எப்படி எழுதுவது?

அதோடு விட்டதா? ஒவ்வொன்றாக எல்லாம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. கொஞ்ச நாளாகவே மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை, தட்டில் பாதியை ஒதுக்கிவிடுவார். பழைய சட்டைகளையெல்லாம் காவலாளிக்குக் கொடுத்துவிட்டார். பேத்தியிடம், "இந்த ரூம் இனிமே உனக்குத்தான் கண்ணு, தாத்தா ரொம்ப நாள் இங்க இருக்க மாட்டேன்" என்று சொன்னாராம். கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். போதாததற்கு அவருடைய மூக்குக் கண்ணாடியின் கால் வாரம் தவறாமல் உடைந்தது. கை நடுக்கம் போலிருக்கிறது என்று நான் நரம்பு டாக்டரிடம் நேரம்கூட வாங்கி வைத்திருந்தேன். இத்தனையும் சேர்த்து, எதிரே நின்று சர்க்கரை மாதிரி இருக்கிற விஷத்தைக் கேட்கிறார், கேட்டால் கறை கூரையில் என்கிறார். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன், நீங்கள் அந்த இடத்திலேயே அவரை ஒரு நாற்காலியில் கட்டிப்போட்டிருப்பீர்கள்.

நான், "மாமா, உண்மையைச் சொல்லுங்க. எதுக்கு இது?" என்றேன்.

"சொன்னா குடுப்பியா?"

"சொல்றதைப் பொறுத்து."

"அப்ப சொல்ல மாட்டேன்."

"அப்ப குடுக்க முடியாது மாமா" என்றேன். பிரஷர் அம்மாவின் கையில் பட்டை இன்னும் இருந்தது, கருவியில் எண் ஏறுவது எனக்கே தெரிந்தது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் இல்லாமல் முதல் வகுப்பில் கால் நீட்டிப் படுத்திருப்பவனைப் பார்க்கிற பார்வை. "மத்தவங்களுக்கெல்லாம் குடுக்கற. மாமனாருக்குக் கிடையாது. நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் அடுத்த ஆளுக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். விற்காமல் விட்டதற்காக அழவில்லை. அவர் எனக்கு எப்போதும் நல்லவர், அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான்.

அதற்குப் பிறகு நடந்த அத்தனைக்கும் உங்கள் தம்பிதான் பொறுப்பு. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று "பதறாதீங்க, மூச்சை நிதானமா விடுங்க" என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் ஒன்று என்றால் முதலில் அவருக்குத்தான் மூச்சு நின்றுவிடும். நான் விஷயத்தைச் சொன்னதும், மாமா உலாவப் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் புகுந்தார். ஆபத்தான எதுவும் இருக்கக் கூடாதாம். சவர பிளேடு போனது, சரி. பூச்சி உருண்டை போனது, சரி. ஷூ பாலிஷ், சென்ட் புட்டி, தலைக்குப் போடும் மை, முகத்துக்குப் போடும் கிரீம் எல்லாம் கூடைக்குள் போயின. கடைசியில் பற்பசையைத் திருப்பிப் பார்த்தார், 'விழுங்கக் கூடாது' என்று போட்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டார். சென்ட், மை, கிரீம் இதெல்லாம் மாமாவின் அறைக்கு எப்போது வந்தது என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை பாருங்கள். பயம் வந்தால் புத்தி கூடையோடு போய்விடும் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் மாமா எழுந்து பார்த்தால் அறையில் ஒரு சீப்பும் துண்டும்தான் இருக்கின்றன. சவரம் செய்ய முடியவில்லை. பல் தேய்க்க முடியவில்லை. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும். ஒரு வார்த்தை பேசாமல், வெறும் உப்பில் பல்லைத் தேய்த்துவிட்டு, முளைத்த தாடியோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உங்கள் தம்பி மறைந்து மறைந்து பின்னாலேயே போனார். மாமா ரயில் நிலையத்துக்குப் போய், பிளாட்பார டிக்கெட் வாங்கி, பயணிகள் அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்தாராம். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவர் பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு கோபித்துக்கொள்கிறார். பிறகு அங்கிருந்து எழுந்து பக்கத்துத் தெருவில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் போனாராம். உங்கள் தம்பி வீட்டுக்கு வந்து, "கண்ணு சரியாத் தெரியலை போலிருக்கு, பாவம். அதான் மனசு உடைஞ்சிருக்கார்" என்றார். சொல்லிவிட்டு உங்களுக்குப் போன் போட்டார். அதற்குள் மாமாவும் உங்களுக்குப் போன் போட்டு, என்ன பொருள் என்று சொல்லாமல், "ஒரு சின்னப் பொருள் கேட்டேன், நாலு பேர் முன்னாடி இல்லைன்னுட்டா" என்று சொல்லியிருக்கிறார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் நேரில் வந்து அப்பாவைக் கையோடு அழைத்துப்போகப் போவதாகச் சொன்னீர்கள். உங்களுக்குப் போகவர, அவருக்குப் போக மட்டும், டிக்கெட்டும் போட்டாகிவிட்டது என்றீர்கள். அதிலிருந்து மாமா பகலெல்லாம் ஸ்டேஷனிலும், இருட்டியதும் தன் அறையிலும், என்னோடு பேச்சே இல்லாமல் இருந்தார். நான் தேநீரை அவர் அறை வாசலில் வைப்பேன், அது ஆறிப்போய்த் திரும்பி வரும். இது அவருக்குத் தண்டனையா எனக்குத் தண்டனையா என்று தெரியாது, ஆனால் ஆறிய தேநீரைத் தினமும் குடித்தது நான்தான்.

இன்று காலையில்தான் எல்லாம் உடைந்தது. கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பிரஷர் அம்மா வழக்கம் போல நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார், பட்டையைச் சுற்றினேன். ஒரு அம்மா உள்ளே வந்தார். நரைத்த தலை, படிய வாரிய கூந்தல், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அவருக்குப் பின்னால், வாசற்படியைத் தாண்டாமல், மாமா.

"ஆக்ஸாலிக் அமிலம் ஒரு பொட்டலம் வேணும்மா" என்றார் அந்த அம்மா.

எனக்குக் கை தானாகச் சாவிக்குப் போனது, கொடுப்பதற்காக அல்ல, பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. "எதுக்குங்க?" என்றேன்.

"ஸ்டேஷன் பக்கத்துல கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன். கடையில பழைய மர மேசை ஒண்ணு, நல்ல மேசை. ஒரு பெரிய மனுஷர் எனக்கு ஒரு செடி குடுத்தார், இரும்பு ஸ்டாண்டோட. குடுத்ததோட விட்டாரா, தினம் வந்து தண்ணி ஊத்தினார். செடி குடிச்சது கொஞ்சம், மேசை குடிச்சது மிச்சம். இப்ப நடு மேசையில தட்டு மாதிரி ஒரு கறுப்பு வளையம். தச்சர் வந்து பார்த்துட்டு இந்தத் தூளைப் போட்டாத்தான் போகும்னார். பெரிய மனுஷர் நானே வாங்கிட்டு வரேன்னு கிளம்பினார், வெறுங்கையோட வந்தார். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார். அதான் நானே வந்தேன்."

அண்ணி, காரணம் என்றால் இது காரணம். எந்த இடம், என்ன கறை, எப்படி வந்தது, யார் சொன்னது, எல்லாம் கச்சிதம். மருந்து இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். ஆனால் நான் பாழாய்ப்போன மருந்தாளுநர் ஆயிற்றே. "காரணம் சரிங்க. ஆனா உங்களை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து உங்களைத் தெரியும்னு சொல்லணும்" என்றேன்.

வாசற்படியில் நின்றவர் உள்ளே வந்தார். "நான் சொல்றேன்" என்றார். பல நாள் கழித்து என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பதிவேட்டை விரித்தேன். அறிமுகம் செய்கிறவர் என்ற இடத்தில் மாமாவை எழுதினேன். அடுத்த இடம், வாங்குபவரை எப்படித் தெரியும், என்ன உறவு. அங்கே 'பழக்கம்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், எல்லாக் கடையிலும் அதைத்தான் எழுதுவார்கள். எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன். சட்டம் கேட்டதா, நான் கேட்டேனா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. "உங்களுக்கு இவங்க என்ன வேணும் மாமா?"

பிரஷர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாமா என்னையே பார்த்தார். நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். எனக்குப் பயம் வேறு, இந்த முறை கோபித்துக்கொண்டு போனால் பிளாட்பார டிக்கெட்டோடு நிற்காது என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "என் பொண்டாட்டிகிட்டயே அபராதம் வாங்கினவன்மா நான்" என்றார்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், நீங்கள் அப்போது அத்தையின் இடுப்பில் இருந்தீர்களாம். அத்தை அவசரத்தில் டிக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு ரயிலேறியபோது அந்தப் பெட்டிக்குப் பரிசோதகராக வந்தது மாமா. "டிக்கெட் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க வாங்கிக் குடுத்ததுதானே, வீட்டு அலமாரியில இருக்கு" என்றிருக்கிறார் அத்தை. அபராதம் போட்டு ரசீதும் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாராம். அத்தை சாகிற வரைக்கும் அந்த ரசீதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்.

"ரூல்னா எல்லாருக்கும்தான். அன்னிக்கு நீ கேட்டது சரி, நான் சொன்னதுதான் தப்பு" என்றார் மாமா. "கூரையில கறைன்னு சொன்னவனுக்கு நானும் குடுத்திருக்க மாட்டேன். எழுதிக்கம்மா. இவங்களை நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். கேட்டாச்சு. இவங்கதான் இன்னும் பதில் சொல்லலை."

"மொதல்ல கறை போகட்டும், அப்புறம் சொல்றேன்னேன்" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து, கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு திரும்பி மாமாவைப் பார்த்தார். முள்ளாய் முளைத்த தாடி, கசங்கின சட்டை, சென்ட் கிடையாது, மை கிடையாது, உப்பில் தேய்த்த பல். என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டார். "சரி. அந்த இடத்துல என்ன எழுதணுமோ எழுதிக்கோம்மா. சரின்னே எழுதிக்கோ" என்றார்.

'வருங்காலக் கணவர்' என்று எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிரஷர் அம்மா கையில் பட்டையோடு எழுந்து நின்று கைதட்டினார், கருவி கீழே விழுந்து உடைந்தது, அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் வெளியே போய் வெயிலில் நின்று ஏதோ பேசிக்கொண்டே தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஞாபகமே இல்லை. மத்தியானம் மாமா வீட்டுக்கு வந்து, கூடையைக் கேட்டு வாங்கி, சவரம் செய்துகொண்டு, வாசலில் இருந்த தேநீரைச் சூடாகவே குடித்தார். நான் இதை எழுதும்போது கூடத்தில் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது சொல்லுங்கள், தட்டில் பாதியை ஒதுக்கினது தொப்பைக்காக. பழைய சட்டையைக் கொடுத்தது புதுச் சட்டை வாங்கியதால். கண்ணாடியின் கால் தானாக உடையவில்லை. சாகத் துணிந்துவிட்டார் என்று நாங்கள் கண்ணீர் விட்ட ஒவ்வொன்றும் அவர் வாழத் துணிந்ததற்கான அடையாளம்.

உங்களுக்கு இது சட்டென்று பிடிக்காது என்று எனக்குத் தெரியும். எனக்கே கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அத்தையின் நாற்காலியில் நான் இன்னும் யாரையும் உட்கார விடுவதில்லை. ஆனால் அந்த அம்மா அதைக் கேட்டு வரவில்லை, அவருக்கென்று சொந்தமாகக் கடையும் மேசையும் இருக்கிறது, மாமாதான் அங்கே போகப் போகிறார். அவர் உங்களோடு வந்தால் நீங்கள் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம், வேளா வேளைக்கு மாத்திரை கொடுத்து. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது அண்ணி, அவரோடு பேசத்தான் ஆள் இல்லை. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வருகிறபடியே வாருங்கள், ஆனால் அழைத்துப்போக வராதீர்கள், சாட்சிக் கையெழுத்துப் போட வாருங்கள். மாமா பெயரில் போட்ட டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடுங்கள். இன்னும் எத்தனை நாளைக்குள் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று அவரே சீட்டியை நிறுத்திவிட்டு விளக்கமாகச் சொல்கிறார், எழுத இடமில்லை.

எனக்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். போனில் சொன்னதையெல்லாம் நான் அன்றே மறந்துவிட்டேன், மேலே எழுதியிருப்பது ஞாபகத்தில் இருந்த கொஞ்சம்தான். ஒன்று மட்டும் தைரியமாகச் சொல்வேன். நான் சட்டப்படி நடந்தேன், முறைப்படி கேட்டேன், ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை. மாமாவே சரி என்றுவிட்டார். நீங்களும் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் எனக்கு அது போதும்.

அண்ணாவின் முதுகு நிமிரட்டும், உங்கள் கோபம் கொஞ்சம் வளையட்டும். பெரியவர்கள் நீங்கள் இருவரும் எங்கள் எல்லோரையும், இப்போது கூடுதலாக ஒரு ஆளையும் சேர்த்து, மனதார ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி மனைவி,
பதிவு பெற்ற மருந்தாளுநர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். கையெழுத்து வாங்கியாகிவிட்டது, பொருளைக் கொடுக்கவில்லை என்றால் பதிவேடு நாளைக்கு என்னைக் கேள்வி கேட்கும் என்று, பொட்டலம் கட்டி மாமாவிடம் கொடுத்தனுப்பலாம் என்று கடைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். அண்ணி, ஆக்ஸாலிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பிறகுதான் உறைத்தது. இன்ஸ்பெக்டர் கடைசியாக வந்தபோது பழைய இருப்பு கட்டி தட்டிவிட்டது என்று சொன்னார். நான்தான் என் கையாலேயே அதை அடைத்து மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பினேன். புதிதாக வாங்கவே இல்லை. அன்று மாமா கேட்டதும் கேள்வி எதுவும் கேட்காமல் முதலில் அலமாரியைத் திறந்திருந்தால், "இல்லையே மாமா" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அழுகை இல்லை, கூடை இல்லை, உங்கள் போன் இல்லை. கல்யாணமும் இல்லை. காலி அலமாரியின் சாவியைத்தான் இத்தனை நாளும் கழுத்தில் போட்டுக்கொண்டு காவல் காத்திருக்கிறேன். கண்ணாடிக்கடை அம்மாவுக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அந்த வளையம் அப்படியே இருக்கட்டும்மா, பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு" என்றார். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் நீங்கள் போனில் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியும். மனசு இருந்தது அண்ணி. ஸ்டாக்தான் இல்லை.